புளியங்கரணை ரோமானிய மாளிகை

மயிலம் மலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று, வெறும் வயிற்றோடு, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சொல்கிறேன்: இதில் வருவது அத்தனையும் நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன், அது அதிகாரிகளின் மானம் கருதி. இதில் பொய் இருந்தால், பாண்டிச்சேரி போய்க் கட்டிக்கொண்டு வந்த என் மேல்வரிசைப் பல்செட்டு கறிச்சோறு தின்கிற நாளில் இரண்டாக உடையட்டும். கற்பூரம் சுடுகிறது. சீக்கிரம் விஷயத்துக்கு வருகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற இடம் ஒன்று உண்டு. அதுதான் எங்கள் ஊர் புளியங்கரணை. அங்கே மாயவன் என்று ஒருவன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவான், கேப்பை போடுவான், யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். எனக்குப் பங்காளி மகன். பெரியப்பா என்பான். எதிர்த்துப் பேசுகிற பொறுப்பை அவன் பெண்டாட்டி கெங்கம்மாள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் குடியமர்வு வாரியம் என்ற அரசாங்க வாரியம் மாயவனுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தது. ஒரு அறை, ஒரு தாழ்வாரம், மேலே கான்கிரீட் தளம். கட்டியவர் காண்டிராக்டர் சுப்பராயலு. அவருக்குத் திண்டிவனத்தில் சொந்தமாக ஒரு ரைஸ் மில்லும் இருந்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர், ‘உன் பேரனுக்குப் பேரன் இந்தத் தளத்தில் நின்று பட்டம் விடுவான்’ என்றார். மாயவனுக்கு அப்போது பேரனே இல்லை. அதனால் தளத்துக்கும் அவசரம் இல்லை.

எண்பத்தைந்து ஆவணியில் ஒரு மழை பெய்தது. பெரிய மழை என்று சொல்லமாட்டேன், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்கிற மழை. அந்த மழையில் மேற்குச் சுவர் களைத்துப்போன மனிதனைப்போல மெதுவாகச் சாய்ந்து, சத்தமில்லாமல் தரையில் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்துத் தளத்துக்கும் தைரியம் வந்தது. நட்டநடுவில் மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கோழி மட்டும் போயிற்று. கெங்கம்மாள் அதைக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினாள்.

விஷயம் கோழி இல்லை. மாயவனின் ஒரே மகள் ஜெயம், அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். ஐப்பசியில் நாள். ஐப்பசியில் எங்கள் பக்கம் மழை எப்படி வரும் என்று யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அதற்குள் பெண்ணின் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டும். மாயவன் கேட்டது அவ்வளவுதான்.

‘பெரியப்பா, நீங்க நாலு எடம் பேசத் தெரிஞ்சவரு. திண்டிவனத்துக்கு ஒரு நடை வாங்க’ என்று கூப்பிட்டான். போனேன்.

வாரியத்தின் திண்டிவனம் பொறியாளர் பெயர் சீனுவாசன். கோபமே வராத மனிதர். கோபம் வரவேண்டியவர்கள் எல்லாரும் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

‘சார், வூடு வுழுந்துடுச்சிங்க’ என்றான் மாயவன்.

‘எந்த வூடு?’

‘நீங்க கட்டிக்குடுத்த வூடுங்க.’

‘அப்டின்னா வுழுந்திருக்காது.’

‘வுழுந்து கெடக்குதுங்க சார். கோழி செத்துப்போச்சி.’

‘தோ பாருப்பா. எங்க வாரியத்து வூட்டுக்கு ஆயுசு அறுபது வருஷம். பிளான்லயே எழுதியிருக்கு. ரெண்டு வருஷத்துல எப்டி வுழும்? வுழுந்துதுன்னா அது எங்க வூடு இல்ல.’

‘அப்ப அது யார் வூடுங்க?’

‘அதத்தான்யா நானும் ரோசனை பண்ணிக்கினு இருக்கேன்’ என்றார் சீனுவாசன். உண்மையிலேயே யோசித்தார். பேனாவைக் காதில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ‘அறுபது வருஷத்துக்கு மேல போனாத்தான் எங்க கட்டடம் வுழும். இது வுழுந்துடுச்சி. அப்ப இது அறுபது வருஷத்துக்கு மேல பழசு. கணக்கு சரியா வருதா?’

‘நான் இருக்கசொல்லதான சார் கட்னீங்க?’

‘உனக்கு இன்னா வயசு?’

‘நாப்பத்தஞ்சி இருக்கும்ங்க.’

‘பாத்தியா? உன்னைவிடப் பழசு. உனக்கு அதப்பத்தித் தெரிய நியாயமில்ல.’

பிறகு வழியும் சொன்னார். பழைய கட்டடங்களைப் பார்ப்பதற்கென்று விழுப்புரத்தில் ஒரு துறை இருக்கிறது. அங்கே போய், ‘இந்த வீடு பழஞ்சின்னம் அல்ல’ என்று ஒரு சான்று வாங்கிவந்தால், ஜல்தியாக ரிப்பேருக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார். நல்ல மனிதர். எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். வழியனுப்புவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

தொன்மைக் கட்டட ஒப்பாய்வுத் துறை விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை மாடியில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் மேற்கூரையிலிருந்து ஒரு பிடி காரை ஃபைல்களின்மேல் உதிரும். விழுப்புரம் ஜங்ஷன் ஆயிற்றே, ரயிலுக்குப் பஞ்சமில்லை. பண்டைய ரோமானியர்களின் வாழ்க்கையையும் கட்டடங்களையும் நம் காலத்து வாழ்க்கையோடும் கட்டடங்களோடும் ஒப்பிட்டு, எது மேல் என்று அரசாங்கத்துக்குச் சொல்லவேண்டும். அதுதான் அந்தத் துறைக்கு இட்ட வேலை. ஒப்பிட ஒரு ரோமானியக் கட்டடம் வேண்டுமே? மாவட்டத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. வரும் மார்ச்சுக்குள் அகப்படாவிட்டால் துறையை இழுத்து மூடுவதாகப் பேச்சு அடிபட்டது.

நாங்கள் போனபோது மணி பத்தரை. ஆபீசில் பூமாலை என்கிற உதவியாளர் மட்டும் இருந்தார்.

‘டைரக்டர் ஐயா இன்னும் எழுந்திரிக்கல’ என்றார்.

‘உடம்பு சரியில்லீங்களா?’

‘உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அங்க பாருங்க.’ சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்றில் பத்தரை, இன்னொன்றில் ஆறு. ‘ரோமாபுரியில இப்ப விடியற்காலம். ஐயா அரசாங்கச் செலவுல அங்க போயிட்டு வந்தாரு. அதிலேர்ந்து வேலைக்கு வர்றது அந்த ஊர் மணிப்படி.’

‘வூட்டுக்குப் போறது?’

‘அது விழுப்புரம் மணிப்படி.’

மத்தியானம் இரண்டரைக்கு டைரக்டர் விருத்தாசலம் வந்தார். அந்தப் புழுக்கத்திலும் கோட்டு. கழுத்தில் டை. வியர்வையைத் துடைத்தபடியே, ‘அங்கெல்லாம் இந்நேரம் குளிரும்’ என்றார். மாயவன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

‘பழஞ்சின்னம் அல்லன்னு சான்று வேணும். அப்டித்தானே?’

‘ஆமாங்க ஐயா.’

‘எங்க துறைக்கு ஆம்னு சான்று குடுக்க அதிகாரம் இருக்கு. அல்லன்னு குடுக்க அதிகாரம் இல்ல.’

மாயவன் என்னைப் பார்த்தான். நான் ரோமாபுரிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

‘கட்டடம் எந்தப் பக்கம்னு சொன்னே?’

‘மரக்காணம் ரோட்டுல இருக்குதுங்க.’

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ‘மரக்காணமா? யவனர் கப்பல் வந்த கடற்கரையாச்சே அது! எத்தனை சுவர் நிக்குது?’

‘மூணுங்க. ஒண்ணு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது.’

‘மேல?’

‘நடுவுல ஓட்டைங்க.’

டைரக்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஒரு ரயில் போயிற்று. காரை உதிர்ந்தது. அவர் அதைத் தோளிலிருந்து தட்டிவிடக்கூட இல்லை.

அடுத்த வாரம் புளியங்கரணைக்கு ஜீப் வந்தது. டைரக்டர், பூமாலை, சாட்சிக்காக வாரியத்தின் சார்பில் சீனுவாசன், அவர் கூடவே காண்டிராக்டர் சுப்பராயலு. டைரக்டர் சுவரைக் குடைநுனியால் தொட்டார். குடை உள்ளே போயிற்று. வெளியே எடுத்து, நுனியில் ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டலம் மெட்ராஸுக்கு அனுப்பிச் சோதிக்கவும் சொன்னார். பத்து நாளில் முடிவு வந்தது. முடிவை அறிவிக்க மறுபடியும் அதே ஜீப், அதே ஆட்கள். ஊரே கூடிவிட்டது.

‘இந்தக் கலவையில சிமெண்டு ஒரு துளிகூட இல்ல’ என்று படித்தார் டைரக்டர்.

சீனுவாசனுக்கு முகம் மலர்ந்தது. ‘எழுதிக்குங்க சார். எங்க வாரியத்து வூட்ல சிமெண்டு கட்டாயம் உண்டு. பில்லுலயே இருக்கு. இதுல இல்ல. அப்ப இது எங்க வூடே இல்ல. எவ்ளோ சிமெண்டு இல்லையோ அவ்ளோ நிம்மதி எனக்கு.’

‘அடுத்தது கேளுங்க. கலவையில முக்கால் பங்கு சாம்பல்.’ டைரக்டர் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ‘சாம்பல்! ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போட கலந்துதான் கட்டினாங்க. அதனாலதான் அவங்க துறைமுகச் சுவர்ங்க கடல்தண்ணியிலகூட ரெண்டாயிரம் வருஷமா நிக்குது. உலகத்துல வேற எவனும் சாம்பல வச்சி வீடு கட்டல.’

சுப்பராயலு வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

‘அது இவரு ரைஸ் மில்லு உமிச்சாம்பல் சார்’ என்றாள் கெங்கம்மாள். ‘லாரியில வந்து கொட்டசொல்ல என் கண்ணுல வுழுந்து ஒரு வாரம் செவந்து கெடந்துது. எங்க ஊருல எல்லாரும் பாத்தாங்க.’

‘அம்மா, ரோமானியர் காலத்துல லாரி ஏது?’ என்றார் டைரக்டர் பொறுமையாக.

பூமாலை குறித்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன்: ‘சாம்பல் ஊர்தியில் வந்ததாக உள்ளூர்ப் பெண்களிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது.’

பிறகு டைரக்டர் ஓட்டைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். ‘ரோமானியப் பணக்காரன் வீட்ல நடுக்கூரையை வேணும்னே தெறந்து விட்டிருப்பான். மழை உள்ள வந்து விழும். கீழ ஒரு தொட்டி. இங்க பாருங்க, தொட்டியும் இருக்கு.’

‘அது மழைக்குப் பள்ளமாயிடுச்சிங்க. வாத்து குளிக்குது’ என்றான் மாயவன்.

‘ரோமாபுரியில ஒரு மாபெரும் கோயில். குவிமாடத்துக்கு நடுவுல இதே மாதிரி வட்டத் தொறப்பு. நானே அடியில நின்னேன். மழை பேஞ்சிது. என்மேல பேஞ்சிது!’

‘அங்க யாருனா புள்ள பெத்தாங்களா சார்?’ என்றாள் கெங்கம்மாள்.

‘கோயில்லயா? இல்லம்மா.’

‘எம் பொண்ணு இங்க பெக்கணும். ஐப்பசியில. அதத்தான் ஆவணியிலேர்ந்து சொல்லிக்கினு இருக்கோம்.’

‘கட்டடம் பார்த்தாச்சு. இனி வாழ்க்கை’ என்றார் டைரக்டர்.

வாழ்க்கையை ஒப்பிடுகிற வேலை பூமாலைக்கு. அவர் கேட்டார், மாயவன் சொன்னான். எப்படிச் சாப்பிடுகிறாய்? கழனியிலிருந்து வந்தால் இடுப்புவலி, ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றித்தான் கூழ் குடிப்பது. ரோமானியப் பிரபுக்களும் படுத்தபடிதான் விருந்து உண்டார்கள்: பொருந்துகிறது. உடுப்பு? தைக்காத ஒரே துணி, மிச்சம் தோள்மேல். பொருந்துகிறது. அரசாங்கத் தானியம்? ரேஷனில் எப்போதாவது அரிசி போடுவார்கள். ரோமாபுரி அரசனும் குடிகளுக்குத் தானியம் போட்டான். பொருந்துகிறது.

‘கக்கூசு?’

மாயவன் தலையைச் சொறிந்தான். ‘ஏரிக்கரைங்க.’

‘தனியாப் போவீங்களா, கூட்டமாவா?’

‘நாலஞ்சி பேராத்தான் போவோம். பாம்பு பயம்.’

‘உட்கார்ந்திருக்கறப்ப பேசிப்பீங்களா?’

‘மல்லாட்டை வெல, மழை, யார் வூட்ல கண்ணாலம், எல்லாம் பேசுவோங்க.’

டைரக்டர் பூமாலையின் தோளைத் தட்டினார். ‘ரோமானியப் பொதுக் கழிப்பிடத்துல நடுச்சுவர் கிடையாது. வரிசையா உக்காந்து ஊர்ப் பொதுவிஷயம் பேசினாங்க. அப்டியே பொருந்துது! நாகரிகம் எங்கயும் போகல. ஏரிக்கரையில உக்காந்திருக்கு.’

ஒரே ஒரு இடம் இடித்தது. ஊர்க்கோடியில் வாரியம் நட்டுவைத்த தண்ணீர்த்தொட்டியும் குழாயும். ரோமானியர்கள் மலை தாண்டி, வளைவு வளைவாகக் கட்டி, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள். அவர்கள் குழாயில் தண்ணீர் வந்தது. மாயவன் ஊர்க்குழாயில் நட்ட நாளிலிருந்து காற்றுதான். டைரக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘அந்த ரோமானியக் கால்வாய்லயும் பல இடத்துல இன்னிக்குத் தண்ணி வர்றதில்ல’ என்றார். பொருந்திவிட்டது.

மறுவாரம் வீட்டைச் சுற்றி முள்கம்பி. வாசலில் நீல நிறத்தில் ஒரு பலகை: ‘ரோமானிய மாளிகை, பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆணி அடித்தல், வெள்ளை அடித்தல், செங்கல் நகர்த்தல் தண்டனைக்குரியது.’ குடும்பம் உள்ளேயே இருந்துகொள்ளலாம், ஆனால் பார்வையாளர் வரும் நேரத்தில் இயல்பாக நடந்துகொள்ளவேண்டும். மாயவன் ஒருக்களித்துப் படுத்துக் கூழ் குடிப்பதைப் பார்க்கத் திண்டிவனம் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். காவலுக்குப் பூமாலை, மடக்கு நாற்காலியோடு. பாவம், அவருக்கும் கெங்கம்மாள்தான் கூழ் ஊற்றினாள்.

மாயவன் ஒருநாள் ஏரிமண் ஒரு கூடை கொண்டுவந்து சாய்ந்த சுவரில் அப்பப் போனான். பூமாலை எழுந்து ஓடிவந்தார்.

‘அண்ணே, வேணாம். ரெண்டாயிரம் வருஷத்துக் கட்டடம். கைய வச்சா உள்ள தள்ளிடுவாங்க.’

‘யார் வூட்டுக்கு யாரு தம்பி மண்ணு பூசக்கூடாதுன்றது?’

‘எனக்குத் தெரியுது. பலகைக்குத் தெரியலையே’ என்றார் பூமாலை. கூடையை அவரே வெளியில் கொண்டுபோய்க் கொட்டினார்.

புரட்டாசிக் கடைசியில் திறப்பு விழா. ஒலிபெருக்கி, பந்தல், எல்லாருக்கும் கோலி சோடா. முதலில் சீனுவாசன் பேசினார்.

‘பெரியோர்களே, ரோமானியர்கள் கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டுக் கூலி கேட்டார்கள். அது பழைய காலம். நாம் முன்னேறிவிட்டோம். பில் பாஸான பிறகுதான் கடைக்காலே தோண்டுகிறோம். அவர்கள் சுவரை நாலு முழக் கனத்துக்குக் கட்டி வீணடித்தார்கள். நாம் அதே செங்கல்லில் நாலு வீடு காட்டுகிறோம். இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தை எங்கள் வாரியத்தால் ஒருநாளும் கட்ட முடியாது என்பதை இந்த மேடையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.’

சுப்பராயலுதான் முதலில் கை தட்டினார்.

டைரக்டர் எழுந்தார். ‘ரோமாபுரியில் நான் பார்த்த இடிபாடுகள் அந்த நிலையை அடைய ஆயிரத்தெண்ணூறு வருஷம் எடுத்துக்கொண்டன. விழுப்புரத்தில் என் ஆபீஸ் மாடிப்படி அதே நிலையை ஆறே வருஷத்தில் எட்டிவிட்டது. வேகத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. ரோமானிய நீராடும் மண்டபத்தில் வெந்நீர், பச்சைத்தண்ணீர், இளவெந்நீர் என்று மூன்று தொட்டி. அந்தச் சோம்பலால்தான் அவர்கள் சாம்ராஜ்யம் போயிற்று. நம் மக்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை. ஆகவே நம் அரசாங்கத்துக்கு அழிவே இல்லை!’

கை தட்டல் அடங்குமுன் அனந்தபுரத்து வாடகை வண்டியிலிருந்து ஜெயம் இறங்கினாள். நிறைமாத வயிறு. முள்கம்பிக்கு முன்னால் நின்று திகைத்தாள்.

‘இன்னாம்மா இது, வூட்டச் சுத்திக் கம்பி?’

‘நம்ம வூடு இப்ப ரோமாபுரியாம்டி. வயித்தப் புடிச்சிக்கினு குனிஞ்சி வா.’

‘நான் எங்கம்மா படுக்கறது?’

கெங்கம்மாள் கம்பியைத் தூக்கிப் பிடித்தாள். அப்போது கிழக்கே, கடல் பக்கம், வானம் அடுப்புச்சட்டி அடியைப்போல இருந்தது. நானும் மாயவனும் அதைப் பார்த்தோம். அவனுக்குக் கண் கலங்கியதைப் பார்வையாளர்கள் யாரும் இயல்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மாயவன் விழுப்புரம் கிளம்பினான். கெங்கம்மாள் மறித்தாள். ‘நீ போனா அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கினு வருவ. மாமா, நீங்க வாங்க. நான் பேசிக்கிறேன்.’

இரண்டரை மணிக்கு டைரக்டர் வந்ததும் அவள் கேட்டாள். ‘ஐயா, மழ வந்து உங்க மாளிகை கரைஞ்சி போச்சின்னா கவர்மெண்டு யாரைக் கேக்கும்?’

‘சின்னத்துக்குக் காப்பாளரை.’

‘அது பூமாலை தம்பிங்களா?’

‘அவர் காவல். காப்பாளர்...’ டைரக்டர் நிறுத்தினார். ‘நான்.’

‘இருக்கறது ஒரே ஒரு மாளிகைதானங்க?’

‘ஒண்ணே ஒண்ணுதான்.’

‘மார்ச்சு வரைக்கும் அது நிக்கணுமா வேணாமா?’

டைரக்டர் டையைத் தளர்த்தினார். விழுப்புரத்தில் அவர் டையைத் தளர்த்தியது அன்றைக்குத்தான். உடனே வாரியத்துக்குச் சொல்லி, சுப்பராயலுவை வைத்து, சின்னத்தின்மேல் ஒரு கான்கிரீட் மண்டபம் எழுப்பப் போவதாகச் சொன்னார். டெண்டர் முடியத் தை மாசம் ஆகும் என்றார்.

‘சுப்பராயலுவா?’ என்றாள் கெங்கம்மாள். ‘ஒரு மாளிகைக்கு மேல இன்னொரு மாளிகையும் வுழணுமா? எங்க ஊரு ஆளுங்க ஓலை போட்டு மூடிர்றோம். உங்க சொவத்த வெரலால தொடமாட்டோம். வெளியில பனங்கால் நட்டு மேல கூரை.’

‘ரோமானியச் சின்னத்துக்கு மேல பனை ஓலையா? எழுத்துல குடுக்க முடியாதும்மா.’

‘எழுத்து வேணாம். நீங்க ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கினு இருங்க, அது போதும்.’

டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் படியிறங்கும்வரை திரும்பியேதான் இருந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் ஊர் மொத்தமும் வந்தது. ஏரிக்கரைப் பனையிலிருந்து ஓலை. மரக்காணத்து மீன்காரர் மாளிகை பார்க்க வந்தவர், விஷயம் கேட்டு வலைக்கயிறு ஒரு சுருள் போட்டுவிட்டுப் போனார். மாயவன் முகட்டுக்கட்டையில் குரங்கைப்போலத் தொற்றி ஓலை வேய்ந்தான். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம். பூமாலை மடக்கு நாற்காலியை ஏணியாகக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் மூன்று சுவரும் ஓட்டையும் பலகையும் உட்பட ரோமாபுரி முழுவதும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டது. அந்தக் கூரைக்குக் கீழேயே, சுவர்களுக்கு வெளியே ஒரு மூலையில் கெங்கம்மாள் ஓலைத்தட்டி கட்டி, ஜெயத்துக்கு இடம் பண்ணினாள்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. ஏரி நிரம்பி, சாலையில் தண்ணீர் ஓடி, திண்டிவனம் பஸ் நின்றுபோயிற்று. மத்தியானத்தில் ஜெயத்துக்கு வலி கண்டது. மருத்துவச்சி வீரம்மாள் முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்தாள். கூரையில் ஒரு பொட்டு ஒழுகவில்லை. ஆனால் மாளிகைக்கு மழை நேராக விழவேண்டும் என்கிற அவசியமே இல்லை போலிருக்கிறது. பக்கத்தில் பெய்கிறது என்று கேள்விப்பட்டதுமே கரையத் தொடங்கியது. முதலில் வடக்குச் சுவர் சோறு குழைவதைப்போலக் குழைந்தது. பிறகு தளம், சத்தமில்லாமல், தன்னைத் தாங்குகிறவர்கள் யாரும் இல்லை என்று தெரிந்த பெரியவரைப்போல மெல்ல உட்கார்ந்தது.

‘தள்ளி நில்லுங்கடா! மாளிகை மேல வுழப்போவுது!’ என்று வீரம்மாள் தட்டிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். ‘நீ அதப் பாக்காத ஜெயம், முக்குடி! இன்னும் கொஞ்சம்!’

குழந்தையின் முதல் அழுகை கேட்டது. கடைசிச் சுவர் கீழே உட்கார்ந்தது. பெண் குழந்தை. தட்டிக்கு உள்ளே தரை காய்ந்து கிடந்தது. மாயவன் சாம்பல் சேற்றில் கணுக்கால்வரை நின்றுகொண்டு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் தாலுகாவில் அதற்குமுன் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

மழை விட்டதும் ஜீப் வந்தது. டைரக்டர் இறங்கினார். பனங்கால், மேலே கூரை, உள்ளே தூளி. ரோமாபுரி இருந்த இடத்தில் வாத்து நடந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, மெல்ல மெல்ல, மலர்ந்தது.

‘பூமாலை, எழுதுங்க. ஒரே இடம், ஒரே மழை. ரோமானியக் கட்டடம் அழிஞ்சிது. பக்கத்துல நின்ன இந்தக் காலத்துக் கட்டடம் நிக்குது. ஒப்பாய்வு முடிஞ்சிது. நாமதான் மேல்!’ என்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ‘இந்தக் காலத்துக் கட்டடம் யாரு கட்டினது?’

மாயவன் வாயைத் திறப்பதற்குள் சீனுவாசன் ஓரடி முன்னால் வந்தார். ‘வாரியத்தோட புதிய மாதிரி வூடு சார். ஆயுசு அறுபது வருஷம்.’

‘கட்டுமானம் நானு’ என்றார் சுப்பராயலு. பில் அவர் சட்டைப்பையிலேயே தயாராக இருந்தது.

அன்றே பனங்காலில் தகரப் பலகை ஒன்று அறைந்தார்கள். ‘குடியமர்வு வாரியம், மாதிரி வீடு.’ ஆணியை ஆழமாக இறக்கிவிட்டு, சீனுவாசன் மாயவனிடம் சொன்னார். ‘அறுபது வருஷத்துக்கு ஓலை மாத்தக்கூடாது. மாத்தினா எங்க வூட்டுக்கு ஓலை கெட்டுப்போச்சின்னு ஆயிடும்.’

‘ரெண்டு வருஷத்துக்கு மேல ஓலை தாங்காதுங்க சார்’ என்றான் மாயவன்.

‘தாங்கும். அறுபதுன்னு எழுதியாச்சி.’

டைரக்டருக்கு மெட்ராஸில் பெரிய பதவி கிடைத்தது. பிரமிடுகளையும் நம் ஊர்ச் சமாதிகளையும் ஒப்பிடுவதற்காக எகிப்துக்குப் போனார். போகும்முன், குழந்தைக்கு யாராவது ரோமாபுரி ராணியின் பெயரை வைக்கும்படி பூமாலையிடம் சொல்லியனுப்பினார். ‘அந்த மகராசிங்களுக்கும் எங்கள மாதிரி ஓட்டைக்கு அடியிலதான் கெடந்து தொலையணும்னு தலையெழுத்தா? வேணாம்’ என்று சொல்லிவிட்டு, கெங்கம்மாள் பேத்திக்கு விசாலாட்சி என்று பேர் வைத்தாள். வாரியத்தின் தகரப் பலகையைப் பிடுங்கிக் கூழ்ப்பானைக்கு மூடியாக்கினாள். அளவு சரியாக இருந்தது. வாரியத்தின் வேலையில் அளவு சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

இவ்வளவும் சத்தியம். இதை நம்புகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய தகவல் இன்னும் ஒன்றே ஒன்று: குடியமர்வு வாரியம் புளியங்கரணையில் இன்றுவரை வீடு எதுவும் கட்டியதில்லை, மாயவன் குடும்பம் அவன் பாட்டன் காலத்திலிருந்து அந்தப் பனையோலைக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.